வேட்டைக் கதைக்குத் துப்பாக்கி தேடுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த, கிழக்கு ஆப்பிரிக்க யானை வேட்டையைப் பற்றிய வரலாற்றுச் சிறுகதையை விரும்பிப் படித்தோம். காட்டின் வாடையும் சுமைகூலிகளின் நடையும் நன்றாக வந்திருந்தன. ஆனால் துப்பாக்கி வரும் இடங்களில் மூன்று பிழைகள். 1909-ல் நைரோபியிலிருந்து புறப்படும் நாயகனின் கையில் .375 மேக்னம் ரைபிள் இருக்கிறது. அந்தத் தோட்டா (.375 என்பது அங்குலத்தில் சொல்லும் குழல் அளவு) 1912-ல்தான் சந்தைக்கு வந்தது. அவரது நண்பர் இரட்டைக்குழல் ரைபிளால் இடையில் தோட்டா மாற்றாமல் மூன்று முறை சுடுகிறார். சுட்ட பிறகு இருவரையும் கரும்புகை மூடிக்கொள்கிறது. புகை கக்கும் மருந்து பெரிய ரைபிள்களை விட்டுப் போய் அதற்குள் பத்து வருடம் ஆகியிருந்தது.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பழைய வேட்டைகளை வைத்து இப்போது சிறுகதை, வெப் சீரிஸ், வீடியோ கேம் என்று நிறையப் பேர் முயல்கிறார்கள். கற்பனை வேட்டைக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. தமிழில் அது அதிகம் எழுதப்படவில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

எல்லாரும் முதலில் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது தோட்டாவை, அதாவது கூடும் மருந்தும் குண்டும் சேர்ந்த முழுப் பொருளை. அதற்கும் முன்னால் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். ஒரு துப்பாக்கி ஐம்பது வருடம் கைமாறிக் கைமாறி வாழும்; தோட்டாவுக்கோ பிறந்த வருடம் ஒன்று உண்டு, அதற்கு முன்னால் அதை யாரும் சுட்டிருக்க முடியாது. ஆண்டு முடிவானால் தோட்டாக்களின் பட்டியல் சுருங்கிவிடும். விலங்கு முடிவானால் இன்னும் சுருங்கும். பிறகு சுடுபவர் யார், எங்கிருந்து வருகிறார், எவ்வளவு பணம் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் கையில் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ துப்பாக்கிதான்.

1830-க்கும் 1860-க்கும் இடையில் நடக்கும் கதை என்றால் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டு, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சின்னக் குப்பி) வைத்துச் சுடும் துப்பாக்கிதான். அளவைப் 'போர்' என்று சொல்வார்கள். ஒரு ராத்தல் (ஏறக்குறைய 454 கிராம்) ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே அந்த எண். 12 போர் என்றால் ராத்தலுக்குப் பன்னிரண்டு உருண்டை. 4 போர் என்றால் நான்கே நான்கு. எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு "பெரிய 20 போர் யானைத் துப்பாக்கி" என்று எழுதியவர்கள் உண்டு. 4 போர் உருண்டை ஒன்று ஏறக்குறைய 113 கிராம்.

இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840-ல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸிடம் செய்து வாங்கிய ஒற்றைக்குழல் ரைபிள் 21 ராத்தல் எடை. குழல் மட்டும் 36 அங்குலம். ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து, அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். இவ்வளவு கனம் எதற்கு என்றால், கரிமருந்தால் (புகை கக்கும் அந்தப் பழைய வெடிமருந்து) குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. வேகம் கூடாது என்றால் கனத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. வெறும் ஈயம் எலும்பில் பட்டால் அப்பம்போல் தட்டையாகிவிடும் என்பதால் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கெட்டியாக்கினார்கள்.

இதே பேக்கரின் அனுபவத்தில் கதாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இலங்கை யானையின் நெற்றியில் சுட்டு வீழ்த்திப் பழகிய அவருக்கு ஆப்பிரிக்க யானையிடம் அந்த வெடி பலிக்கவில்லை. நெற்றி அமைப்பும் மூளை இருக்கும் இடமும் வேறு. முதுமலையில் கற்றதை அப்படியே உகாண்டாவில் செய்து வெற்றி பெறும் நாயகனை எழுதாதீர்கள்.

வாய்வழித் துப்பாக்கியில் எது கெடும்? 1870-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் யானை வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூஸ் வைத்திருந்தவை பர்மிங்காம் ஹாலிஸ் செய்த 4 போர் துப்பாக்கிகள். விலை ஒன்றுக்கு ஆறு பவுன். எடை பன்னிரண்டரை ராத்தல்தான். தோல்பையிலிருந்து கையால் மருந்தை அள்ளிப் போட்டு, மேலே கால் ராத்தல் உருண்டையை இடித்து இறக்குவார். மூன்று பருவங்களில் 78 யானைகளை அப்படித்தான் சுட்டார். ஒருமுறை கேப் மட்டும் வெடித்து மருந்து பற்றவில்லை. துப்பாக்கியைத் திரும்ப வாங்கிய உதவியாள் அது சுடப்பட்டுவிட்டது என்று நினைத்து, உள்ளே கிடந்த மருந்து, குண்டின் மேல் இன்னொரு மருந்தும் குண்டும் இட்டுவிட்டார். அடுத்த வெடியில் அடிக்கட்டை நொறுங்கியது. செலூஸ் தூக்கி எறியப்பட்டார். அந்தத் துப்பாக்கிகளின் உதை தம் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். வாய்வழித் துப்பாக்கிக் கதைக்கு இதைவிட நம்பகமான விபத்து வேண்டியதில்லை. குச்சியை உள்ளே விட்டு அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்த்தாலே இரண்டு முறை மருந்தும் குண்டும் இட்டிருப்பது தெரிந்துவிடும். ஓட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை.

1870, 80-களில் பின்பக்கம் திறந்து தோட்டா இடும் 'எக்ஸ்பிரஸ்' ரைபிள்கள் பெருகின. வேகமான ரயிலை நினைத்து பர்டி கம்பெனி வைத்த பெயர் அது. .450, .500, .577 ஆகியவை அதில் பிரபலம். கனம் குறைந்த குண்டு, நிறைய கரிமருந்து, தட்டையான பாய்ச்சல். புலி, மான், கரடி இவற்றுக்கு அருமையான ஆயுதம். யானைக்கும் காட்டெருமைக்கும் ஆகாது. நுனியில் துளையிட்ட மெல்லிய ஈயக்குண்டு தோலைத் தாண்டியதும் சிதறிவிடும்; ஆழம் போகாது. மைசூர்ப் பக்கம் யானை பிடிக்கும் பணியிலிருந்த சாண்டர்சன் எக்ஸ்பிரஸ் காலத்திலும் யானைக்கு 4 போரை விடாததற்குக் காரணம் இதுதான். நீலகிரியை வைத்து எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1879-லேயே நீலகிரிக்கு வேட்டைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் துரை நினைத்த மாதத்தில் நினைத்த விலங்கைச் சுட முடியாது.

புகை என்பது இந்தக் காலம் வரை மட்டுமே. கரிமருந்தில் ஒரு வெடி போட்டால் வெண்சாம்பல் நிறத்தில் திரை விழும். காற்றில்லாத புதரில் அது கலைய நேரமாகும். தேர்ந்தவர்கள் சுட்டவுடன் பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நிற்பார்கள், அல்லது குனிந்து புகைக்கு அடியில் பார்ப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஆடையில் ஒட்டும். நான்கைந்து வெடிக்குள் குழலின் உள்ளே கரி இறுகி, அடுத்த குண்டு இறங்க முரண்டு பிடிக்கும். உங்கள் கதை 1880-ல் நடந்தால் இத்தனையும் வேண்டும். 1909-ல் நடந்தால் இதில் ஒன்றுகூட வேண்டாம்.

1898-ல் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் மாற்றியது. 480 கிரெயின் குண்டு, 70 கிரெயின் கார்டைட் என்ற புகையில்லா மருந்து, நொடிக்கு 2150 அடி வேகம். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின் என்று வைத்துக்கொண்டால், பழைய 4 போர் உருண்டையின் எடையில் கால் பங்கை விடச் சற்றே கூடுதலான குண்டு, அதே யானையை அதைவிட நிச்சயமாக வீழ்த்தியது. கார்டைட்டை நேரில் பார்த்தால் மருந்து என்று தோன்றாது. தோட்டாவைப் பிரித்தால் பழுப்பு நிறத்தில் நீள நீளமாக, கட்டாக வைத்த சேமியா மாதிரி இருக்கும். அதன் மேல் ஒரு வட்ட அட்டை, அதற்கு மேல் குண்டு.

கார்டைட்டுக்கு ஒரு குணம்: சூட்டில் அழுத்தம் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா, மே மாத வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டால் குழலுக்குள் கூட்டை இறுக்கிக்கொள்ளும். காலிக் கூடு வெளியே வராது. எதிரே காட்டெருமை நிற்கும். பெரிய தோட்டாக்கள் நீளமாக, நுனி நோக்கி ஒடுங்கி, உள்ளே நிறைய இடம் விட்டுச் செய்யப்பட்டதற்கு இந்தப் பயம்தான் காரணம். இடம் கூடினால் அழுத்தம் குறையும்; சரிவாக இருந்தால் கூடு எளிதில் கழலும். வெப்ப நாடுகளுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களையும் தனியாக விற்றார்கள்.

இனி நம் நாட்டோடு நேராகத் தொடர்புடைய ஒரு செய்தி. இது தெரிந்தால் பாத்திரத்தின் பூர்வீகத்தையே தோட்டாவை வைத்துச் சொல்லிவிடலாம். 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களை இறக்குமதி செய்ய ஆங்கில அரசு தடை போட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களும் .450 அளவுதான், அவற்றில் பல அரசுக்கு வேண்டாதவர்கள் கைக்குப் போயிருந்தன, வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சம். இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத லண்டன், பர்மிங்காம் கம்பெனிகள் அளவை ஒரு நூலிழை மாற்றிப் புதுத் தோட்டாக்களை வரிசையாக வெளியிட்டன. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .465, ஜோசப் லாங்கின் .470, ஜெஃப்ரியின் .475 இரண்டாம் எண், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476 எல்லாம் அப்படிப் பிறந்தவை. காட்டில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே 1910-ல் பம்பாயில் கப்பலேறி மொம்பாசாவில் இறங்கும் குன்னூர்த் தேயிலைத் தோட்டத் துரையிடம் புதிய .450 இருக்காது; .470 அல்லது .465 இருக்கும். லண்டனிலிருந்து நேராக வருபவரிடம் .450 தாராளமாக இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே முகாமில் தங்கினால் ஒருவர் தோட்டா மற்றவருக்கு உதவாது. இதையே கதையின் முடிச்சாக வைக்கலாம்.

சரி, ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஆண்டு 1912. நைரோபியிலிருந்து மூன்று மாதப் பயணம். யானை, காண்டாமிருகம், காட்டெருமை, சிங்கம், சமையலுக்கு மான். சுடுபவர் அனுபவம் குறைந்த பணக்காரர்; கூட ஒரு தொழில்முறை வேட்டைக்காரர். (நாட்டின் பெயர் அப்போது கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்பகம்; கென்யா என்ற பெயரில் காலனி ஆனது 1920-ல். அங்கே புழக்கத்தில் இருந்த பணம் ரூபாய். வெளியூர் வேட்டைக்காரருக்கான உரிமம் 50 பவுன், அதாவது 750 ரூபாய்.)

கனத் துப்பாக்கி ஒன்று, நடுத்தரம் ஒன்று, இலகு ரகம் ஒன்று, 12 போர் ஒன்று. நான்கு போதும். ஏழெட்டு துப்பாக்கியோடு வருபவர் எதையும் பழகியிருக்க மாட்டார்.

கனத்துக்கு .470 இரட்டைக்குழல், பத்தரை முதல் பதினொரு ராத்தல் எடையில். .577-ம் .600-ம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். .600-ன் குண்டு 900 கிரெயின். துப்பாக்கியோ 16 ராத்தலுக்குப் பக்கம். காலை ஐந்து மணிக்கு யானைத்தடம் பிடித்து மதியம் வரை நடக்கும் வேட்டையில் அதை உடையவர் தூக்க மாட்டார், உதவியாள்தான் தூக்குவார். யானை எதிர்ப்படும் நொடியில் துப்பாக்கி பத்தடி பின்னால் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சாவோவில் 1898-ல் ஆட்கொல்லிச் சிங்கத்தின் முன்னால் ரயில் பாலப் பொறியாளர் பேட்டர்சன் இரண்டாவது துப்பாக்கிக்குக் கை நீட்டியபோது, அதைத் தூக்கி வந்தவர் துப்பாக்கியோடு மரத்தின் மேல் இருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. காயம்பட்ட சிங்கம் பாய்ந்து வரும்போது, சுடும் உரிமை இல்லாமல் வெறுமனே துப்பாக்கியைத் தூக்கி நிற்கச் சொல்வது யாருக்கும் நியாயமான வேலை அல்ல. தானே தூக்கக்கூடிய கனமே தனக்கு ஏற்ற கனம்.

இரட்டைக்குழலின் பலம் இரண்டு தனித்தனித் துப்பாக்கிகள் ஒரே கட்டையில் இருப்பது. இரண்டு பூட்டு, இரண்டு விசை. ஒன்றின் ஸ்பிரிங் முறிந்தாலும் மற்றொன்று சுடும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. இரண்டாவது வெடிக்குக் கையை எங்கும் நகர்த்த வேண்டாம். விரல் ஒரு அங்குலம் பின்னால் வந்தால் போதும். சத்தமும் வராது. பலவீனம், இரண்டு வெடிக்குப் பின் வெறும் இரும்பு. 1909-ல் கென்யா மலைக்காட்டில் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தன் முதல் யானையை ஹாலண்ட் இரட்டைக்குழலால் வீழ்த்தி இரண்டு குழலும் காலியாக நின்ற அதே கணத்தில், பக்கத்துப் புதரைப் பிளந்துகொண்டு இன்னொரு யானை வந்தது. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, துப்பாக்கியைத் திறந்து, காலிக் கூடுகளை எறிந்து, புதுத் தோட்டா இரண்டை நுழைப்பதற்குள் உடன் வந்த கனிங்ஹாம் சுட்டு அதைத் திருப்பினார். தங்கள் சிறுகதையில் மூன்றாவது வெடி வரும் இடத்தில் இந்தத் தவிப்பு இருந்திருந்தால் காட்சி எவ்வளவு உயர்ந்திருக்கும்!

மாற்றுத் தோட்டா இரண்டை இடது கை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொள்வது பழகியவர் வழக்கம். சேஃப்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பறவை சுடும் துப்பாக்கியில், திறந்து மூடியதும் சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆபத்தான விலங்குக்கு இது ஆகாது. அவசரத்தில் தோட்டா மாற்றியவர் விசையை அழுத்துவார், வெடிக்காது, ஏன் என்று புரிவதற்குள் நேரம் போய்விடும். ஆகவே தானாகப் பூட்டாத சேஃப்டி வைத்துக் கேட்டு வாங்குவார்கள்.

இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடுவது தானாக நடப்பதல்ல. குழல்கள் வாய்ப்பக்கம் சற்றே நெருங்கும்படி பற்றவைக்கப்பட்டிருக்கும். வலது குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்புறம் உதறும். குண்டு வெளியேறும் நொடியில் அந்த உதறலும் இந்தச் சாய்வும் சரிக்குச் சரியாகும்படி, பட்டறையில் சுட்டுச் சுட்டு, ஈயப்பற்றை இளக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டுப் பார்ப்பார்கள். அது ஒரே ஒரு தோட்டாவுக்கான கணக்கு. வேகம் கூடிய தோட்டா போட்டால் குண்டு உதறலுக்கு முன்பே வெளியேறி, வலது குழல் குண்டு இடப்பக்கமும் இடது குழல் குண்டு வலப்பக்கமும் குறுக்காகப் போகும். வேகம் குறைந்தால் இரண்டும் விலகிப் போகும். "கடையில் கிடைத்த வேறு மருந்து நிரப்பிச் சுட்டான், குறி தப்பவில்லை" என்ற வாக்கியம் இரட்டைக்குழலுக்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கு துப்பாக்கியின் மேலேயே எழுதியிருக்கும். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, அடியில் தட்டையாக இருக்கும் பகுதியைப் பாருங்கள். லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகளுக்குப் பக்கத்தில், .470 என்றால் "கார்டைட் 75 - 500 மேக்ஸ்" என்ற பொறிப்பு இருக்கும். 75 கிரெயின் கார்டைட், 500 கிரெயின் குண்டு, அதற்கு மேல் கூடாது என்று பொருள். இப்படிப் பொறிப்பு இல்லாமல், இரும்பில் சுருள் சுருளாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல் என்றால் அது கரிமருந்துக் காலத்தது. சட்டகத்திலும் மேடையிலும் வைக்க அழகானது. 1912 கதையில் கார்டைட் தோட்டாவை அதில் இட்டு யாரையும் சுடவைக்காதீர்கள்.

பழைய இரட்டைக்குழலைப் படப்பிடிப்புக்கோ அருங்காட்சியகத்துக்கோ தேர்வு செய்பவர்களுக்கு மூன்று சோதனை. குழல்களை அடிக்கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். குயவரிடம் பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே சோதனைதான். மணிபோல் நீண்டு ஒலித்தால் பற்று உறுதி. அதிர்வும் கரகரப்பும் வந்தால் நடுப்பட்டை விட்டிருக்கிறது, ஈரம் உள்ளே போய்த் துருப்பிடித்திருக்கும். அடுத்து, குழலுக்கும் பின்சுவருக்கும் இடையில் சிகரெட் தாள் ஒன்றை வைத்து மூடி இழுங்கள். தாள் தடையில்லாமல் உருவி வந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, அடிக்கட்டை இரும்போடு சேரும் இடம். ஐம்பது வருடம் எண்ணெய் குடித்த மரம் அங்கே கறுத்து மெத்தென்றாகி, உதை தாங்காமல் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். வாங்குகிறவர் எல்லாரும் மேலே இருக்கும் பூவேலைப்பாட்டில் மயங்கிவிடுவதால் இந்த விரிசல் கண்ணில் படுவதே இல்லை.

நடுத்தரத் துப்பாக்கிக்கு வருவோம். 1912-ல் இங்கே தேர்வு தாராளம். ஜெஃப்ரியின் .404 (1905 முதல், 400 கிரெயின்), வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .425 (1909), ரிக்பியின் .416 (1911; 410 கிரெயின்), அந்த ஆண்டே வந்த .375 மேக்னம். எல்லாம் மவுசர் மாதிரி, போல்ட் (கையால் பின்னும் முன்னும் இழுக்கும் தாழ்) வைத்து, அடியில் பல தோட்டா அடுக்கும் மேகசின் ரைபிள்கள். விலை இரட்டைக்குழலில் சிறு பங்கு. பணம் குறைந்த பாத்திரத்துக்கு இரட்டைக்குழலே வேண்டாம், .404 ஒன்றே முழு வேட்டைக்கும் போதும். அன்றைய காட்டிலாகா அதிகாரிகளும் குடியேறிகளும் நிறையப் பயன்படுத்தியது அதைத்தான். மவுசரில் கெடுவது பெரும்பாலும் ஆள்தான், பொறி அல்ல. பதற்றத்தில் போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் திருப்பித் தள்ளினால் காலிக் கூடு வெளியே போகாது அல்லது புதுத் தோட்டா மேலே ஏறாது. வெற்றுக் குழலில் 'டிக்' என்று கேட்கும். யானையின் முன்னால் அதைவிடக் கொடிய சத்தம் இல்லை.

1909 கதைக்கு அமெரிக்கர் வேண்டுமென்றால் வின்செஸ்டர் 1895 இருக்கிறது. .405 தோட்டா, 300 கிரெயின், லீவர் இழுத்துச் சுடுவது. ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு அதைத்தான் நம்பினார். குண்டு குட்டையானது, காண்டாமிருகத்தின் உடலில் ஆழம் போதாது.

இலகு ரகத்துக்கு ரிக்பியின் .275 அல்லது .303. இங்கேதான் உகாண்டாவின் கரமோஜாப் பகுதியில் யானை வேட்டையாடிய பெல் நினைவுக்கு வருவார். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்ட அவர், பெரும்பாலானவற்றை இந்த .275-ன் 173 கிரெயின் முழு உறைக் குண்டால் சுட்டார். கதைக்கு இழுக்கும் செய்திதான். ஆனால் அவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளையின் இடத்தைப் படித்தவர். எந்தக் கோணத்தில் நின்றாலும் ஒரு கைப்பிடி அகல இலக்கு அவருக்குத் தெரியும். தவறினால் அந்தச் சின்னக் குண்டு யானையை நிறுத்தாது. புதிதாக வந்த பணக்காரர் கையில் அதைக் கொடுத்து யானை முன் நிறுத்தினால் அது அவருடைய கடைசி அத்தியாயம். அவருக்கு அது மானுக்கு.

குண்டு இரண்டு வகை. முழுதும் உலோக உறை போட்ட கெட்டிக் குண்டு. நுனியில் ஈயம் தெரியும் மென்னுனிக் குண்டு. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் கெட்டிக் குண்டு மட்டுமே. யானையின் நெற்றி எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும், மென்னுனி அதிலேயே விரிந்து நின்றுவிடும். சிங்கத்துக்கு மென்னுனி, கெட்டிக் குண்டு ஊசிபோல் துளைத்து மறுபுறம் போய்விடும், சிங்கம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் இடுப்புவாரில் கலந்து வைக்கக் கூடாது. இடப்பக்கம் கெட்டி, வலப்பக்கம் மென்னுனி என்று பிரித்துத் தைத்துக்கொண்டால் இருட்டிலும் விரலே சொல்லும்.

அளவு? மூன்று மாதத்துக்கு .470-ல் 100 (எழுபத்தைந்து கெட்டி, இருபத்தைந்து மென்னுனி), .404-ல் 200, .275-ல் 300, 12 போரில் 300. ஒரு .470 தோட்டா ஏறக்குறைய 60 கிராம். நூறு சேர்ந்தால் ஆறு கிலோ. கூலியாள் ஒருவர் தலைச்சுமை 60 ராத்தல், அதாவது 27 கிலோ. தோட்டாக்கள் எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றாமல் ஒவ்வொரு சுமையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். ஆற்றில் ஒருவர் கால் வழுக்கினால் ஒரு ரகம் முழுதும் போய்விடக் கூடாது. உள்ளே தகரம் அடித்து ஈயம் வைத்து மூடிய பெட்டிகளைத் தேவைக்குத்தான் உடைப்பார்கள். உதிரியாக: விசை ஸ்பிரிங், தோட்டாவைக் குத்தும் ஊசி, முன்குறியின் வெள்ளை மணி. மணி உடைந்தால் விடியலில் குறி பார்க்க முடியாது.

மாலை முகாமில் துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைக்கும் காட்சி பலர் எழுதுவது. அந்தக் காலத்துக்கு அது பாதி வேலைதான். அன்றைய கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு குழலுக்குள் உப்பு படியும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியிலேயே ஈரத்தை இழுத்து ஓர் இரவில் துருவைக் கிளப்பிவிடும். முதலில் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்ற வேண்டும். இரும்பு சூடேறித் தானே உலரும். பிறகு துணி, பிறகு எண்ணெய். தேநீருக்கு வைத்த கெட்டிலிலிருந்து முதல் தண்ணீர் துப்பாக்கிக்குப் போவது அன்றைய முகாமில் சாதாரணம்.

தங்கள் எழுத்தாளருக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. கதை நூலாகும்போது நாயகன் கையில் .375 மேக்னத்துக்குப் பதில் ஜெஃப்ரியின் .404-ஐக் கொடுங்கள், ஆண்டு பொருந்திவிடும். (ஹாலண்ட் கம்பெனி 1905-ல் வெளியிட்ட .400/375 என்ற தோட்டா ஒன்று உண்டு. அது மானுக்குரிய இலகு ரகம், அதை நினைத்து எழுதியிருந்தாலும் யானைக்கு உதவாது.) நண்பரின் மூன்றாவது வெடிக்கு முன்னால் துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டா இட இரண்டு வரி சேருங்கள். புகை வரும் பத்தியை எடுத்துவிட்டு, வெடிச்சத்தத்தில் காது அடைத்துப்போய், கிளை முறிவதை முதலில் கேட்காமல் பார்க்க நேர்ந்த நண்பரை அங்கே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.